கலர் கார்டுக்கு முன்னால் ஏழு தொட்டி

பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் பவுடர் கோட்டிங் செய்து கொடுக்கும் யூனிட்டுக்கு வருகிறவர் பெரும்பாலும் மூன்று கேள்வியோடு வருவார். என்ன ஷேட் கிடைக்கும், சதுர அடிக்கு என்ன ரேட், எப்போது டெலிவரி. மேசைமேல் ஒவ்வொரு நிறத்துக்கும் எண் கொடுத்திருக்கும் ரால் கலர் கார்டை விரித்து வைத்தால் அரை மணி நேரம் அதிலேயே போய்விடும். 7016 ஆந்த்ரசைட் சாம்பலா, 9005 கறுப்பா, மேட்டா, டெக்ஸ்சரா என்று வீட்டுக்கு வீடியோ கால் போட்டுக் கேட்பார்கள். ஷெட்டின் பின்பக்கம் வரிசையாக நிற்கிற தொட்டிகளை எட்டிப் பார்ப்பவர் அபூர்வம். நான் எழுத வந்தது அந்தத் தொட்டிகளைப் பற்றித்தான். ஒரு கேட்டோ கிரில்லோ பேனல் பாக்ஸோ பத்து வருஷம் நிற்குமா, இரண்டாவது மழைக்கே உரிந்து வருமா என்பது பவுடர் அடிக்கிற பூத்துக்கு வருவதற்கு முன்பே, கழுவுகிற இடத்தில் பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. மிச்சம் ஓவனில். இந்தத் தொழிலில் இவ்வளவு காலம் இருந்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

தொழில் தெரியாதவர்களுக்காக வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெயின்ட்டில் பிசினும் நிறமும் தின்னரில் கலந்திருக்கும். தின்னர் காற்றில் பறந்து போனதும் பெயின்ட் காயும். பவுடரில் தின்னர் கிடையாது. பிசின், அதை இறுக வைக்கும் ஹார்டனர், நிறமி எல்லாவற்றையும் உருக்கிக் கலந்து, ஆறவைத்து, மாவாக அரைத்திருப்பார்கள். துகளின் அளவு சராசரியாக 30 முதல் 50 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). பவுடரைத் தெளிக்கும் கன்னின் முனையில் 60 முதல் 100 கிலோவோல்ட் வரை மின்னழுத்தம் இருக்கும். அதைத் தாண்டி வருகிற துகள் மின்னூட்டம் பெற்று, எர்த் கொடுத்த இரும்பில் போய் ஒட்டிக்கொள்ளும். விரலால் தொட்டாலே கலைந்துவிடும் அந்தப் படலத்தை ஓவனில் வைத்தால் உருகி, பரவிச் சமமாகி, உள்ளுக்குள் பிணைந்து இறுகும். அப்புறம் திரும்பச் சூடாக்கினாலும் பழையபடி உருகாது. ஜெர்மனியைச் சேர்ந்த எர்வின் கெம்மர், சூடாக்கிய பொருளைப் பவுடர் மிதக்கும் தொட்டிக்குள் முக்கி எடுக்கும் முறையை 1950களில் கொண்டுவந்தார். மின்னூட்டம் கொடுத்துத் தெளிக்கும் இன்றைய முறை 1960களில் பரவியது. கீழே விழுந்த பவுடரைச் சலித்துத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், தின்னர் நாற்றம் இல்லை என்கிற இரண்டு காரணத்துக்காகவே இது பெயின்ட்டின் இடத்தைப் பல தொழில்களில் பிடித்துவிட்டது. உங்கள் வீட்டு வாஷிங் மெஷின், ஆபீஸ் அலமாரி, மாடியில் இருக்கும் ஏசி அவுட்டோர் யூனிட், எல்லாம் இந்த வேலைதான்.

பீன்யாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா தெரியவில்லை. துமகூரு ரோட்டில் ஜாலஹள்ளி கிராஸில் மெட்ரோவிலிருந்து இறங்கி உள்ளே நடந்தால் லேத், பிரஸ், ஃபேப்ரிகேஷன், பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் என்று தெருவுக்குத் தெரு ஷெட்கள். எச்.எம்.டி., பி.இ.எல். மாதிரி பெரிய அரசு நிறுவனங்கள் பக்கத்தில் இருந்ததால் அவற்றுக்கு ஜாப் ஒர்க் செய்ய வளர்ந்த இடம் இது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் பக்கத்து ஆட்கள் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டார்கள். என் மாமாவும் அப்படி வந்தவர்தான். ஷெட்டுக்குள் தமிழ், கன்னடம், இப்போது ஒடியாவும் இந்தியும் கலந்துதான் வேலை நடக்கிறது. தொட்டிக்குப் பெயர் எல்லா பாஷையிலும் 'டேங்க்'தான்.

இனி தொட்டிகள்.

மில்லிலிருந்து வரும் சி.ஆர். (கோல்ட் ரோல்டு) இரும்பு ஷீட்டின்மேல் துருப்பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். அதை வெட்டி, வளைத்து, வெல்டிங் செய்து எங்களிடம் கொண்டு வரும்போது அதன்மேல் அந்த எண்ணெய், பிரஸ் எண்ணெய், வெல்டிங் புகை, சாக்பீஸ் கோடு, வேலை செய்தவர் கைரேகை எல்லாம் சேர்ந்திருக்கும். முதல் தொட்டி டீகிரீசிங்: சூடான காரக் கரைசல், 60, 70 டிகிரி. எண்ணெய் இதில்தான் போக வேண்டும். இரண்டாவது தண்ணீர். மூன்றாவது அமிலம், துருவையும் வெல்டிங் கருகலையும் எடுப்பதற்கு. மறுபடி தண்ணீர். அடுத்தது பாஸ்பேட்டிங். இரும்பு இங்கே கரைசலோடு வினை புரிந்து, துத்தநாகப் பாஸ்பேட்டின் பொடிப் படிகங்களைத் தன்மேல் வளர்த்துக்கொள்ளும். பளபளப்பாக உள்ளே போன ஷீட் மங்கிய சாம்பல் நிறத்தில் வெளியே வரும். பவுடர் பிடித்து நிற்பது இந்தப் படிகங்களின் சொரசொரப்பில்தான். கோட்டிங்கில் கீறல் விழுந்தாலும் துரு பக்கவாட்டில் ஊர்ந்து போகாமல் தடுப்பதும் இதுதான். பிறகு தண்ணீர், கடைசியாக பேசிவேஷன், அதாவது பாஸ்பேட் படலத்தை மூடிப் பாதுகாக்கிற கரைசல். இதைத்தான் எல்லாரும் 'செவன் டேங்க் பிராசஸ்' என்று போர்டில் எழுதி வைக்கிறார்கள். சில இடங்களில் பாஸ்பேட்டுக்கு முன்னால் ஆக்டிவேஷன் என்று எட்டாவது ஒன்றும் இருக்கும். படிகம் பெரிது பெரிதாக வளராமல் நெருக்கமாக, பொடியாக வளர அது உதவும். படிகம் பருமனாகிவிட்டால் அதுவே உடைந்து, மேலே இருக்கும் கோட்டிங்கையும் சேர்த்துக் கொண்டு வந்துவிடும்.

போர்டில் ஏழு என்று எழுதுவது சுலபம். ஏழிலும் கரைசல் சரியாக இருப்பதுதான் கஷ்டம். ஒவ்வொரு லோடுக்கும் எண்ணெய் கொஞ்சம் டீகிரீசிங் தொட்டியில் மிதக்கும். அதை வழித்து எடுக்காவிட்டால், சுத்தமாகி மேலே வருகிற பொருள் அந்த எண்ணெய்ப் படலத்தின் ஊடாகத்தான் வெளியே வரும். அமிலத்தின் வீரியம் குறையும். பாஸ்பேட் தொட்டியின் அடியில் சேறு தங்கும். காலையில் டைட்ரேஷன் செய்து கரைசலின் வீரியம் எத்தனை பாயின்ட் என்று பார்த்து, கெமிக்கல் சேர்த்து, ரிஜிஸ்டரில் எழுத ஒருவர் வேண்டும். இந்த வேலைக்குக் கஸ்டமர் தனியாகக் காசு கொடுப்பதில்லை. அதனால்தான் முதலில் இதுவே வெட்டப்படுகிறது. தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு நேரே பூத்துக்குள் ஏற்றுகிற இடங்கள் இந்த ஊரில் ஏராளம். வெளியே வரும்போது இரண்டு கேட்டும் ஒரே மாதிரிதான் மின்னும். ஷேட் ஒன்று, பளபளப்பு ஒன்று. ரேட்டில் மட்டும் வித்தியாசம் தெரியும். என்ன செய்யாமல் விட்டார்கள் என்பது அந்த கேட் மழையில் நின்ற பிறகுதான் தெரியும்.

கழுவியது சரியா என்று பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். மாமா எனக்கு முதலில் கற்றுக் கொடுத்தது இதுதான். கழுவி எடுத்த ஷீட்டைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் உடையாமல் ஒரே விரிப்பாக இறங்கினால் எண்ணெய் இல்லை. வாழை இலையில் தெளித்த மாதிரி முத்து முத்தாக நின்றால், "திரும்ப முதல் டேங்குக்குப் போ" என்பார். அவ்வளவுதான். அவர் எந்த லோடையும் இதைப் பார்க்காமல் மேலே ஏற்ற விட்டதில்லை. டெலிவரி வண்டி வாசலில் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தாலும் சரி.

தண்ணீரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெங்களூரில் இது தனிப் பிரச்சினை. காவிரித் தண்ணீர் தொழிற்பேட்டைக்குத் தேவையான அளவு வருவதில்லை. போர்வெல், இல்லாவிட்டால் டேங்கர். போர்வெல் தண்ணீரில் உப்பு அதிகம். கடைசி அலசலை அதிலேயே செய்து காயவைத்தால் உப்பு இரும்பின்மேல் தங்கிவிடும். அதன்மேல் 70 மைக்ரான் தடிமனில் பவுடர் ஏறினால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆனால் எந்தக் கோட்டிங்கும் ஈரத்தை முழுசாகத் தடுப்பதில்லை. மெல்ல மெல்ல நீராவி உள்ளே போகும். அடியில் இருக்கும் உப்பு அந்த ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சில மாதம் கழித்து அங்கங்கே கொப்புளம் கிளம்பும். கஸ்டமர் பவுடர் மட்டம் என்பார். பவுடருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கடைசி அலசலுக்கு மட்டுமாவது உப்பு நீக்கிய தண்ணீர் வேண்டும். 2024 கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்து, மாவட்ட நிர்வாகமே டேங்கருக்கு விலை நிர்ணயிக்க வேண்டிய நிலை வந்ததே, அந்த மாதங்களில் எங்கள் வட்டாரத்தில் எத்தனை அலசல் தொட்டிகள் மாற்றப்படாமல் கலங்கலாகவே ஓடின என்று நினைத்தால் எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கிறது. அப்போது மாட்டிய பால்கனி கிரில்கள் எல்லாம் இன்று நகரம் முழுக்க மழையில் நிற்கின்றன.

லேசர் கட்டிங் வந்த பிறகு இன்னொன்று சேர்ந்திருக்கிறது. ஆக்சிஜன் வைத்து வெட்டினால் ஓரத்தில் மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்று உருவாகும். கறுப்பாக, கெட்டியாக இருக்கும். பவுடர் அதன்மேல் நன்றாகவே ஒட்டும், ஆனால் அந்தத் தோல் இரும்போடு ஒட்டவில்லை. ஒரு தட்டு தட்டினால் ஓரம் முழுக்க நூல் மாதிரி உரிந்து வரும். ஓரத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும், அல்லது நைட்ரஜனில் வெட்டச் சொல்ல வேண்டும். இதை டிராயிங் போடுகிற இடத்திலேயே முடிவு செய்ய வேண்டியது. எங்களிடம் வரும்போது நாள் கடந்திருக்கும்.

ஒரு நாள் இன்டீரியர் கான்ட்ராக்டர் ஒருவர், நம்ம ஊர்க்காரர், வேலூர்ப் பக்கம், ஆபீஸில் உட்கார்ந்து கேட்டார். "ஏண்ணே, மத்தவங்க காலையில வாங்கி சாயங்காலம் குடுக்குறாங்க. நீங்க மட்டும் ரெண்டு நாள் கேக்குறீங்களே?" மாமா எழுந்து அவரைப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். ஓரத்தில் பழைய கேட் ஒன்று சாய்த்து வைத்திருந்தது. வேறெங்கோ அடித்து, உரிந்து, ரீவொர்க்குக்கு வந்தது. அதன் கீழ்ச்சட்டத்தில் நகத்தை வைத்து இழுத்தார். பிளாஸ்டிக் பேப்பர் மாதிரி ஒரு முழம் கையோடு வந்தது. உள்ளே இரும்பு எண்ணெய்ப் பிசுக்கோடு அப்படியே இருந்தது. "தம்பி, இதுவும் ஒரே நாள்ல குடுத்ததுதான்" என்றார். அந்தக் கான்ட்ராக்டர் அதற்குப் பிறகு ரேட் பேசவில்லை. இன்றுவரை எங்களிடம்தான் கொடுக்கிறார்.

கன் பிடிக்கிறவர் வேலையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. உள் மூலையில் பவுடர் போகாது; மின்புலக் கோடுகள் பக்கத்துச் சுவர்களிலேயே முடிந்துவிடுவதால் மூலை வெறுமையாக நிற்கும். ஃபாரடே கேஜ் என்று சொல்வது இதைத்தான். பழகாத ஆள் வோல்ட்டைக் கூட்டுவார், இன்னும் மோசமாகும். எங்கள் கன்காரர் வோல்ட்டைக் குறைத்து, காற்றையும் குறைத்து, மூலையை முதலில் முடித்துவிட்டுத்தான் அகலமான பக்கத்துக்கு வருவார். எர்த் அவருக்குக் கண் மாதிரி. தொங்கவிடும் ஹூக்கில் பழைய கோட்டிங் ஏறிப் போயிருந்தால் மின்னூட்டம் இறங்க வழியில்லாமல் பவுடர் திரும்பித் துப்பும். மேற்பரப்பு ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி குழி குழியாகிவிடும். பவுடர் அடி அடி என்று அடித்தாலும் ஏறாது. ஹூக்கைச் சுத்தம் செய்வது யாருக்கும் பிடிக்காத வேலை. ஆனால் ஒரு கணக்கு பாருங்கள்: அடர்த்தி 1.5 உள்ள பவுடர் ஒரு கிலோ, 60 மைக்ரான் தடிமனில் பரப்பினால் கணக்குப்படி 11 சதுர மீட்டர் வர வேண்டும். எர்த் கெட்டுப்போன இடத்தில் அதில் பாதியைக் கூடப் பார்க்க முடியாது.

இனி ஓவன். 200 டிகிரியில் பத்து நிமிஷம் என்று பவுடர் டப்பாவில் எழுதியிருக்கும். அந்த 200 யாருடைய சூடு? காற்றின் சூடு இல்லை, இரும்பின் சூடு. ஓவன் கதவில் இருக்கும் மீட்டர் காட்டுவது காற்றை. ஒரு மில்லிமீட்டர் ஷீட் சீக்கிரம் அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். பத்து மில்லிமீட்டர் பேஸ் பிளேட் மெதுவாகத்தான் வரும். இரண்டையும் ஒரே டிராலியில் ஏற்றி ஒரே நேரத்தில் இறக்கினால், ஷீட் வெந்திருக்கும், பிளேட் வெந்திருக்காது. கொடுமை என்னவென்றால், வேகாத கோட்டிங்கும் பார்க்க அழகாகவே இருக்கும். பவுடர் உருகிப் பரவுவது குறைந்த சூட்டிலேயே முடிந்துவிடுகிறது. உள்ளே பிணைப்பு முடிவதற்குத்தான் அதிக நேரம் வேண்டும். பளபளப்பை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதனால் சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளைப் பொருளிலேயே கட்டி, அதைப் பதிவு செய்யும் டேட்டா லாகரோடு உள்ளே அனுப்பி, வரைபடம் எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வசதி இல்லாத இடத்தில் கரைப்பான் தோய்த்த பஞ்சால் தேய்த்துப் பார்ப்பார்கள். நிறம் பஞ்சில் நிறைய வந்து மேற்பரப்பு குழைந்தால் வேகவில்லை. அதிகமாக வெந்தாலும் ஆபத்துதான். வெள்ளை மஞ்சளிக்கும். எல்பிஜி பர்னரின் புகைக்காற்று நேரே உள்ளே வருகிற ஓவனில் வெள்ளை இன்னும் சீக்கிரம் மஞ்சளிக்கும்.

இந்த இடத்தில் வேறொரு உலகத்திலிருந்து வந்த ஒரு விஷயம். எங்கள் தூரத்து உறவுப் பையன் ஒருவன் அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறான். அங்கே துப்பாக்கி சுடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. ஈயத்தை உருக்கி அச்சில் ஊற்றித் தாங்களே தோட்டாவின் முனையைச் செய்துகொள்கிறவர்கள் நிறைய இருக்கிறார்களாம். அவனுடைய பக்கத்து வீட்டுக்காரர் அதற்குப் பவுடர் கோட்டிங் செய்கிறார் என்று வீடியோ அனுப்பினான். ஈயத்துக்கு ஏன் கோட்டிங் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. காரணம் நியாயமானது. ஈயம் மிருதுவானது; குழலுக்குள் வேகமாகப் போகும்போது உராய்ந்து குழலின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தவிர்க்க முன்பு தேன்மெழுகு கலந்த பசையைத் தோட்டாவின் பள்ளங்களில் தடவுவார்கள். சுடும்போது அது புகையும். பவுடர் கோட்டிங் ஈயத்தை ஒரு உறை மாதிரி மூடிவிடுகிறது. குழலில் ஈயம் ஒட்டுவது குறைகிறது, புகை குறைகிறது, ஈயத்தைக் கையால் தொடுவதும் குறைகிறது. ஈயம் உருகுவது 327 டிகிரியில். வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்தால் அது இறங்கும், ஆனாலும் 200க்கு மேலேயே இருப்பதால் ஓவனில் தாங்குகிறது.

என்னை அசத்தியது அவர் பவுடர் ஏற்றிய விதம். கன் கிடையாது. பிளாஸ்டிக் டப்பாவில் தோட்டா, பவுடர், சிறு பிளாஸ்டிக் உருண்டைகள், மூன்றையும் போட்டு மூடிக் குலுக்குகிறார். உராய்வில் மின்னூட்டம் வந்து பவுடர் ஈயத்தில் ஒட்டிக்கொள்கிறது. எங்கள் தொழிலிலும் டிரைபோ கன் என்று ஒன்று உண்டு. டெஃப்லான் குழாய்க்குள் பவுடர் உராய்ந்து போகும்போதே மின்னூட்டம் பெறும், கிலோவோல்ட் தேவையில்லை. உள் மூலைகளுக்கு அது நல்லது. அதே இயற்பியல்தான் அந்த டப்பாவுக்குள்ளும். அதற்கப்புறம் அவர் சொன்னதைக் கேட்டபோது மாமாவே பேசுகிற மாதிரி இருந்தது. வார்த்தெடுத்த தோட்டாவை வெறுங்கையால் தொடாதே, விரல் எண்ணெய் பட்டால் பவுடர் பிடிக்காது. வெந்ததா என்று பார்க்க ஒன்றை எடுத்துச் சுத்தியலால் தட்டையாக அடி. செதில் செதிலாக உதிர்ந்தால் வேகவில்லை, ஈயத்தோடு சேர்ந்து நசுங்கினால் சரி. ஒரு விரல்கடை ஈயத்துக்கு அவர் காட்டுகிற கவனத்தை, பத்து அடி கேட்டுக்குக் காட்டாத இடங்கள் இங்கே இருக்கின்றன என்பதுதான் எனக்கு உறைத்தது. இதைப் படித்துவிட்டு யாராவது இங்கே முயன்று பார்க்கலாமா என்று கேட்க வேண்டாம். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது கடுமையான குற்றம்.

பவுடர் வகைக்கு வருகிறேன். எபாக்சி நன்றாக ஒட்டும், கெமிக்கலைத் தாங்கும், ஆனால் வெயிலில் சுண்ணாம்பு பூத்த மாதிரி வெளுத்துவிடும். எபாக்சியும் பாலியஸ்டரும் கலந்த ஹைபிரிட் வீட்டுக்குள், ஆபீஸுக்குள் இருக்கும் பொருளுக்குச் சரி. வெளியே நிற்கும் எதற்கும் பியூர் பாலியஸ்டர்தான். ஹைபிரிட் விலை குறைவு என்பதால் கேட்டுக்கும் அதை அடித்துவிடுவார்கள். கஸ்டமருக்கு எப்படித் தெரியும்? டப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள், அதில் எழுதியிருக்கும். பெங்களூர் வெயில் சென்னை மாதிரி இல்லையே என்று நினைக்க வேண்டாம். 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர் இது. உடம்புக்குக் குளுமையாகத் தெரிந்தாலும் புற ஊதாக் கதிர் குறைச்சல் இல்லை. பவுடரைச் சேமித்து வைக்க மட்டும் இந்த ஊர் நல்ல ஊர். அம்பத்தூரில் மே மாதத்தில் ஏசி இல்லாத ஸ்டோரில் வைத்த பவுடர் டப்பாவுக்குள் கட்டி தட்டிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

பாலியஸ்டரில் டிஜிஐசி என்ற ஹார்டனர் சேர்ந்தது ஒரு வகை. மரபணுவைப் பாதிக்கக்கூடிய பொருள் என்று ஐரோப்பாவில் அதை வகைப்படுத்தியிருக்கிறார்கள். வெந்த பிறகு பிரச்சினை இல்லை. பவுடராகப் பறக்கும்போது மூச்சில் போகிறவருக்குத்தான். அதற்கு மாற்றாக வந்தது எச்ஏஏ என்ற ஹார்டனர். வேகும்போது கொஞ்சம் நீராவி விடும் என்பதால் தடிமனாக அடித்தால் ஊசித் துளை விழும்; அளவாக அடிக்கத் தெரிந்தவர் கையில் அது ஒரு குறையே இல்லை. கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு பூத் முன்னால் நிற்கும் பையன்களைப் பல இடங்களில் பார்க்கிறேன். கர்ச்சீப் பொடித் துகளை முழுசாக நிறுத்தாது. நல்ல மாஸ்க்குக்கு ஆகும் செலவு, ஒரு டப்பா பவுடரின் விலையில் ஒரு சின்னப் பங்கு. இதில் சிக்கனம் பார்க்கிற முதலாளி, தொட்டியில் என்ன செய்திருப்பார் என்று எனக்குக் கேட்காமலே தெரியும்.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதும் இதே கேள்வியின் இன்னொரு பக்கம். அலுமினியத்துக்கும், பாஸ்பேட்டுக்கு அப்புறம் வரும் பேசிவேஷனுக்கும் குரோமேட் உபயோகிப்பது பழைய பழக்கம். பீன்யாவின் நிலத்தடி நீரில் குரோமியம் கலந்திருப்பது பல ஆய்வுகளில் பதிவான உண்மை. அதில் பிளேட்டிங்குக்குத்தான் பெரிய பங்கு என்று சொல்லி நாங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. குரோம் இல்லாத, சிர்கோனியம் அடிப்படையிலான கெமிக்கல்கள் இப்போது கிடைக்கின்றன, நாங்கள் மாறிவிட்டோம். அதே போர்வெல் தண்ணீரைத்தானே மறுநாள் அலசலுக்கு மேலே இழுக்கிறோம், அதே பேட்டையில்தானே எங்கள் ஆட்கள் குடும்பத்தோடு குடியிருக்கிறார்கள்.

சரி, வீட்டுக்கு ஒரு கேட் அடிக்கக் கொடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஷேட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பின்னால் போய்த் தொட்டிகளைப் பாருங்கள். டீகிரீசிங் சூடாக இருக்கிறதா, கை வைக்க வேண்டாம், ஆவி தெரிந்தாலே போதும். ரிஜிஸ்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் கேட்டோடு சேர்த்து ஒரு துண்டு ஷீட்டையும் அதே லோடில் அடித்துத் தரச் சொல்லுங்கள். பிளேடால் குறுக்கும் நெடுக்கும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் கோடு கிழித்து, டேப் ஒட்டி இழுத்துப் பார்க்கலாம். ஐஎஸ்ஓ 2409 என்று தரக்கட்டுப்பாட்டில் சொல்லும் சோதனையும் இதுதான். ஒரு கட்டம் கூட வராமல் இருந்தால் தொட்டி நன்றாக ஓடுகிறது.

அப்புறம் கேட்டைச் செய்து தருகிற ஃபேப்ரிகேட்டரிடம் இரண்டு விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கோட்டிங் முடிந்து வந்த கேட்டைத் தூணில் மாட்டும்போது சைட்டில் வெல்டிங் வைக்கக் கூடாது. வெல்டிங் சூட்டில் சுற்றிலும் கோட்டிங் கருகும், அதன்மேல் ஸ்ப்ரே டப்பாவால் ஒரு டச்-அப் அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். துரு சரியாக அங்கிருந்துதான் கிளம்பும். கீலை போல்ட் போட்டு மாட்டுகிற மாதிரி முதலிலேயே செய்யச் சொல்லுங்கள். இரண்டாவது, பெட்டிக் குழாயில் செய்த கேட் என்றால் ஒவ்வொரு குழாயிலும் தண்ணீர் வடிய ஓட்டை வேண்டும். இல்லாவிட்டால் வெல்டிங் இடுக்கு வழியாக உள்ளே போன அமிலம் அங்கேயே தங்கி, ஓவனில் கொதித்து வெளியே வழிந்து கோட்டிங்கைக் கெடுக்கும். வெளியே வராதது உள்ளிருந்தே குழாயைத் தின்னும். மேலே ஒன்று, கீழே ஒன்று, தொங்கவிடும்போது முழுசாக வடிகிற மாதிரி. கீழே போடுகிற ஓட்டையைத் தரையைப் பார்த்த பக்கத்தில் போடச் சொல்லுங்கள். கண்ணுக்கும் தெரியாது, பின்னால் மழைத் தண்ணீரும் உள்ளே நிற்காது.